ஏற்றுமதி, இறக்குமதி: சட்டப்படி யார் எதற்குப் பொறுப்பு?

பருத்திப் பின்னலாடை ஏற்றிய கன்டெய்னர் ஒன்று கடல் கடந்து போகிறது. போய்ச் சேர்ந்ததும் திறந்தால் பாதிப் பெட்டிகள் நனைந்திருக்கின்றன. சரக்குக் குறியீடு தவறு என்று சுங்க அதிகாரி அபராதம் போடுகிறார். ஆவணத்தில் ஒரு தேதி பிசகியதால் வங்கி பணம் தர மறுக்கிறது. மூன்றும் ஒரே சரக்குக்கு நேர்ந்தவை. ஆனால் நனைந்ததற்கு இழப்பைத் தாங்க வேண்டியவர் ஒருவர், அபராதம் கட்ட வேண்டியவர் ஒருவர், வங்கியிடம் கோட்டை விட்டவர் வேறொருவர் என்று ஆகலாம்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். விற்பவரும் வாங்குபவரும் ஒருவருக்கொருவர் பட்ட கடமை ஒரு வகை. அது ஒப்பந்தத்தில் பிறக்கிறது. பேசி எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அரசுக்குப் பட்ட கடமை இன்னொரு வகை. அது சட்டத்தில் பிறக்கிறது. நீங்கள் இருவரும் பேசி அதை மாற்ற முடியாது. கப்பல் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் கடைசியில் பொருளை வாங்கிப் பயன்படுத்துபவருக்கும் பட்டது மூன்றாவது வகை.

இந்த வேறுபாடு எங்கே உறைக்கும் என்றால், பணம் கட்டும் இடத்தில். "இறக்குமதித் தீர்வையை விற்பவரே ஏற்பார்" என்று ஒப்பந்தத்தில் தாராளமாக எழுதலாம். அவர் கட்டாவிட்டால் சுங்கத் துறை தேடி வருவது, இறக்குமதியாளர் என்று படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரை. ஒப்பந்தத்தைக் காட்டினால் அங்கே எடுபடாது. முதலில் கட்ட வேண்டும், பிறகு ஒப்பந்தத்தை வைத்து விற்பவரிடம் வசூலிக்க வேண்டும். வசூலாகாமல் போனால் நட்டம் உங்களுடையது.

ஒப்பந்தமும் அதன் பின்னால் நிற்கும் சட்டமும்

இரு நாட்டுக்காரர்கள் போடும் விற்பனை ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம்? பலர் இந்தக் கேள்வியையே கேட்பதில்லை. 1980-இல் வியன்னாவில் உருவாகி 1988 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த ஐக்கிய நாடுகளின் பன்னாட்டுச் சரக்கு விற்பனை உடன்படிக்கை இருக்கிறது. 90-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்துள்ளன. அமெரிக்கா, சீனா, ஜெர்மனி எல்லாம் உண்டு. பிரிட்டனும் இந்தியாவும் சேரவில்லை. விற்பவரின் தொழிலிடமும் வாங்குபவரின் தொழிலிடமும் உறுப்பு நாடுகளில் இருந்தால், ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை எழுதாவிட்டாலும் இந்த உடன்படிக்கை தானாகவே பொருந்திவிடும்.

வேண்டாம் என்றால் விலக்கிவிடலாம், ஆனால் பெயர் சொல்லி விலக்குவதே பாதுகாப்பு. "ஜெர்மனியின் சட்டம் பொருந்தும்" என்று எழுதிவிட்டு விலக்கிவிட்டதாக நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஜெர்மனி உறுப்பு நாடு என்பதால் அந்த உடன்படிக்கையே ஜெர்மனியின் சட்டத்தில் ஒரு பகுதி. எழுதியவர் எதைத் தவிர்க்க நினைத்தாரோ, அதையே வரவழைத்துக்கொண்டார்.

இந்த உடன்படிக்கையில் விற்பவரின் கடமைகள் மூன்று: சரக்கை ஒப்படைப்பது, அதற்கான ஆவணங்களைத் தருவது, உடைமையுரிமையை மாற்றித் தருவது. சரக்கு ஒப்பந்தத்தில் சொன்ன அளவு, தரம், வகையில் இருக்க வேண்டும். வழக்கமான பயன்பாட்டுக்கு ஏற்றதாகவும், காட்டிய மாதிரியை ஒத்ததாகவும் இருக்க வேண்டும். பொதி கட்டுவதும் இதில் அடக்கம். போதுமான பாதுகாப்பில்லாமல் கட்டப்பட்ட நல்ல சரக்கு, சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தத்துக்கு ஒவ்வாத சரக்கு.

வாங்குபவர் நாட்டுத் தர விதிகளுக்கு ஒத்துவர வேண்டியது யார் பொறுப்பு என்பதில் 1995-இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். சுவிட்சர்லாந்து விற்பனையாளர் ஒருவர் ஜெர்மனிக்கு நியூசிலாந்துச் சிப்பிக்கறி விற்றார். அதில் காட்மியம் ஜெர்மனியில் பரிந்துரைத்த அளவுக்கு மேல் இருந்தது. வாங்கியவர் தோற்றார். வாங்குபவர் நாட்டின் தனி விதிகள் எல்லாம் விற்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது நீதிமன்றம். அதே விதி விற்பவர் நாட்டிலும் இருந்தாலோ, வாங்குபவர் முன்பே எடுத்துச் சொல்லியிருந்தாலோ, தெரிந்திருக்க வேண்டிய தனிக் காரணம் இருந்தாலோதான் விற்பவர் மாட்டுவார். ஆகவே இறக்குமதியாளர் தன் நாட்டின் தர விதியை எண்ணோடும் வரம்பளவோடும் ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். "எங்கள் நாட்டு விதிகளின்படி" என்ற ஒற்றை வரி, பின்னால் வாதாடுவதற்குத்தான் உதவும்.

வாங்குபவரின் கடமைகள் கேட்பதற்கு எளியவை: விலையைக் கொடுப்பது, சரக்கை ஏற்றுக்கொள்வது. இதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வேலைகளில்தான் பலர் உரிமையை இழக்கிறார்கள். சரக்கு வந்ததும் இயன்ற அளவு விரைவில் சோதித்துப் பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் நியாயமான காலத்துக்குள், குறை இன்னதென்று குறிப்பிட்டு அறிவிக்க வேண்டும். "தரம் திருப்தியில்லை" என்று மின்னஞ்சல் அனுப்பினால் அது அறிவிப்பாகாது. எத்தனை பெட்டி, எந்த அளவுச் சட்டை, தையல் பிரிந்ததா, சாயம் போனதா என்று எழுத வேண்டும். படமும் சேர்த்தால் நல்லது. நியாயமான காலம் எவ்வளவு என்பது சரக்கைப் பொறுத்தது. அழுகும் சரக்குக்கு ஓரிரு நாள்கூட அதிகம். ஒளிந்திருந்து பிறகு வெளிப்படும் குறையானாலும், சரக்கு கைக்கு வந்து 2 ஆண்டு தாண்டினால் பொதுவாக வாயைத் திறக்க முடியாது. குறையைத் தெரிந்தே மறைத்த விற்பவருக்கு மட்டும் இந்தக் கால வரம்பு கைகொடுக்காது.

இன்கோடெர்ம்ஸ்: செலவும் ஆபத்தும் கைமாறும் இடம்

பன்னாட்டு வணிகச் சபை 1936-இல் முதலில் வெளியிட்டு, அவ்வப்போது திருத்திவரும் விதித் தொகுப்பு இது. நடப்பிலிருப்பது 2020 பதிப்பு. மொத்தம் 11 விதிகள். இவை எந்த நாட்டின் சட்டமும் அல்ல. ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால்தான் கட்டும். எழுதும்போது மூன்றும் வேண்டும்: விதியின் பெயர், இடத்தின் பெயர், பதிப்பின் ஆண்டு. "எஃப்ஓபி" (FOB, கப்பலில் ஏற்றித் தருவது) என்று மட்டும் எழுதினால் எந்தத் துறைமுகம், எந்த ஆண்டின் விதி என்பது தகராறு வந்த பிறகுதான் விவாதத்துக்கு வரும்.

நான்கைந்து விதிகளைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

இஎக்ஸ்டபிள்யூ (EXW) என்பது விற்பவருக்குக் கடமை மிகக் குறைந்த விதி. தன் கிடங்கில் சரக்கை எடுத்து வைத்தால் போதும். லாரியில் ஏற்றிவிடக்கூட வேண்டியதில்லை. ஏற்றுமதி அனுமதி பெறுவதும் வாங்குபவர் தலையில். ஆனால் பல நாடுகளில், உள்நாட்டில் பதிவில்லாத வெளிநாட்டு நிறுவனம் ஏற்றுமதிப் படிவம் தாக்கல் செய்யவே முடியாது. கடைசியில் விற்பவர் பெயரிலேயே படிவம் போகும். செய்யக் கடமையில்லாத ஒரு வேலையின் பொறுப்பு முழுதும் அவர் மேல் விழும். அதற்கு எஃப்சிஏ (FCA, ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைப்பது) விதியைப் போட்டு, ஏற்றுமதிச் சுங்க வேலையை முறையாக விற்பவரிடமே வைத்துக்கொள்வது மேல்.

எஃப்ஓபி-இல் சரக்கு கப்பல் மேல் ஏற்றப்பட்டதும் ஆபத்து வாங்குபவருக்கு மாறும். கன்டெய்னர் சரக்குக்கு இது பொருந்தாத விதி. ஆனாலும் பழக்கத்தால் எல்லோரும் இதையே எழுதுகிறார்கள். விற்பவர் கன்டெய்னரைத் துறைமுக முற்றத்தில் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறார். கப்பல் வந்து ஏற்றும் வரை அது அங்கே நாள்கணக்கில் கிடக்கும். அதற்குள் சேதமானால் ஆபத்து இன்னும் விற்பவருடையது, சரக்கோ அவர் கண்ணெதிரில் இல்லை. எஃப்சிஏ-இல் சரக்கு ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைத்த இடத்திலேயே ஆபத்து மாறிவிடும். கப்பலில் ஏற்றியதற்கான குறிப்புள்ள பில் ஆஃப் லேடிங் (சரக்குக்குக் கப்பல் நிறுவனம் தரும் பத்திரம்) வங்கிக்கு வேண்டுமென்றால், அதைத் தரும்படி வாங்குபவர் கப்பல் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்று ஒப்புக்கொள்ளவும் 2020 பதிப்பு இடம் தருகிறது.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது சிஐஎஃப் (CIF). சேரும் துறைமுகம் வரை கப்பல் கட்டணமும் காப்பீடும் விற்பவர் செலவு. அதனால் அதுவரை ஆபத்தும் அவருடையது என்று தோன்றும். இல்லை. எஃப்ஓபி போலவே, ஏற்றும் துறைமுகத்தில் கப்பலில் ஏறியதுமே ஆபத்து வாங்குபவருக்குப் போய்விடுகிறது. செலவு மாறும் இடம் ஒன்று, ஆபத்து மாறும் இடம் வேறு. சரி, விற்பவர் எடுத்த காப்பீடு இருக்கிறதே என்றால், சிஐஎஃப் கேட்பது குறைந்தபட்சக் காப்பீடு மட்டுமே: இன்வாய்ஸ் மதிப்பில் 110 விழுக்காட்டுக்கு, சரக்குக் காப்பீட்டின் "சி" பிரிவு நிபந்தனைகளின்படி. தீ, கப்பல் மூழ்குதல், மோதல் போன்ற பெரிய விபத்துகளுக்குத்தான் "சி" பணம் தரும். திருட்டுக்குத் தராது, மழைநீரில் நனைந்தாலும் தராது.

முதலில் சொன்ன நனைந்த பெட்டிகளுக்கு இப்போது விடை கிடைக்கும். சிஐஎஃப் ஒப்பந்தத்தில், பயணத்தின்போது தண்ணீர் புகுந்து நனைந்திருந்தால் நட்டம் வாங்குபவருக்கு, காப்பீடும் பெரும்பாலும் கைவிடும். கப்பலில் ஏறும் முன்பே ஈரமாக இருந்ததாலோ, மோசமாகக் கட்டியதாலோ நனைந்திருந்தால், சேதம் பிறகு வெளிப்பட்டாலும் விற்பவரே பொறுப்பு. நனைந்தது எங்கே என்று கண்டறிய சுதந்திரமான சர்வேயர் ஒருவரைக் கன்டெய்னர் திறக்கும் அன்றே வரவழைப்பது இதற்காகத்தான். கட்டணமும் காப்பீடும் விற்பவரே ஏற்கும் இன்னொரு விதியான சிஐபி-இல் (CIP) அவர் "ஏ" பிரிவுக் காப்பீடு எடுக்க வேண்டும். அது விரிவானது, ஆனால் அதுவும் மோசமான பொதிக்கும் தாமதத்துக்கும் பணம் தராது.

டிடிபி (DDP) மறுகோடி. இறக்குமதித் தீர்வை, வரி, சுங்க அனுமதி எல்லாமே விற்பவருடையவை. வாடிக்கையாளருக்கு வசதி என்று ஒப்புக்கொள்ளும் முன், அந்த நாட்டில் வரிப் பதிவும் இறக்குமதியாளராகத் தாக்கல் செய்யும் தகுதியும் தனக்குக் கிடைக்குமா என்று விற்பவர் விசாரிக்க வேண்டும். கிடைக்காதென்றால் டிஏபி (DAP, தீர்வை கட்டாமல் சேருமிடம் வரை கொண்டுசேர்ப்பது) போட்டு, சுங்கத்தை வாங்குபவரிடம் விடுவதே நல்லது.

உடைமையுரிமை எப்போது மாறும் என்று இந்த 11 விதிகளில் எதுவும் சொல்வதில்லை. பணம் முழுதும் வரும்வரை சரக்கு தன்னுடையதாகவே இருக்க வேண்டுமென்றால் விற்பவர் அதைத் தனி வரியாக எழுத வேண்டும். அது வாங்குபவர் நாட்டுச் சட்டப்படி செல்லுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்றுமதியாளர் அரசுக்குப் பதில் சொல்ல வேண்டியவை

முதல் கேள்வி, இந்தச் சரக்கை இந்த நாட்டுக்கு, இந்த ஆளுக்கு அனுப்பலாமா என்பது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடைகள் எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டும். அவற்றுக்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் தடைப் பட்டியலை வைத்திருக்கிறது. வாங்குபவர் பெயரை மட்டும் பட்டியலில் தேடினால் போதாது. சரக்கைப் பெறுபவர், கடைசியில் பயன்படுத்துபவர், பணம் வரும் வங்கி, ஏற்றிச் செல்லும் கப்பல், நிறுவனத்தின் உரிமையாளர்கள் எல்லோரையும் பார்க்க வேண்டும்.

பொதுப் பயன்பாடும் ராணுவப் பயன்பாடும் இரண்டும் கொண்ட பொருள்களுக்கு உரிமம் வேண்டும். பேரழிவு ஆயுதங்களுக்கு உதவக்கூடிய பொருள்களின் ஏற்றுமதியை ஒவ்வொரு நாடும் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறது பாதுகாப்பு அவையின் 1540-ஆம் தீர்மானம் (2004). பம்பு, வால்வு, துல்லியமான எந்திர உதிரிகள், சில வேதிப்பொருள்கள், குறியாக்க மென்பொருள் எனச் சாதாரணமாகத் தோன்றுபவை பல இந்தப் பட்டியல்களில் வரும். ஐயப்பட வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. வாங்குபவர் செய்யும் தொழிலுக்கும் கேட்கும் பொருளுக்கும் தொடர்பில்லை. பொருத்தித் தரும் சேவை வேண்டாம் என்கிறார். கடைசி முகவரியாக ஒரு சரக்கு முகவரின் அலுவலகத்தைத் தருகிறார். இவற்றைக் கண்டும் காணாமல் அனுப்பியவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிப்பது கடினம். கேட்டிருக்க வேண்டும் என்பதே பல சட்டங்களின் நிலை.

அடுத்தவை நேரடியாகக் கையால் செய்யும் வேலைகள். மரப் பெட்டியோ மரப் பலகை அடுக்கோ பயன்படுத்தினால், ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டுத் தாவர நல விதியின்படி பூச்சி நீக்கம் செய்திருக்க வேண்டும். வழக்கமான வெப்ப முறையில் மரத்தின் நடுப்பகுதி உட்பட 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும். செய்ததற்கு அடையாளமாகக் கதிர்ச் சின்னம், நாட்டுக் குறி, செய்தவர் எண், முறைக் குறி ஆகியவற்றை மரத்தில் முத்திரையிடுவார்கள். உள்ளே இருக்கும் சரக்கு குற்றமற்றதாக இருந்தாலும், முத்திரையில்லாத ஒரு பலகைக்காகக் கன்டெய்னரையே திருப்பி அனுப்ப முடியும்.

2016 ஜூலை 1 முதல், நிரப்பிய கன்டெய்னரின் சரிபார்த்த எடையை அறிவிக்காமல் கப்பலில் ஏற்றக்கூடாது. அறிவிக்க வேண்டியவர் பில் ஆஃப் லேடிங்கில் அனுப்புநராக உள்ளவர். முழுக் கன்டெய்னரையும் எடை மேடையில் ஏற்றி நிறுக்கலாம். அல்லது சரக்கு, பொதி, பலகை, கட்டும் பொருள் எல்லாவற்றையும் தனித்தனியே நிறுத்து, கன்டெய்னர் கதவில் எழுதியிருக்கும் வெற்று எடையைக் கூட்டலாம். இரண்டாவது முறையில் அட்டைப் பெட்டியும் பலகையும் விட்டுப்போவதுதான் வழக்கமான தவறு.

ஆபத்தான சரக்கு என்றால் பொறுப்பு இன்னும் கனம். தீப்பற்றும் திரவம், அமிலம், லித்தியம் மின்கலம் போன்றவற்றை அந்தந்தப் பொருளுக்குரிய ஐ.நா. எண்ணோடு அறிவித்து, விதிப்படி பொதி கட்டி, சிட்டை ஒட்ட வேண்டியது அனுப்புநர். 2021 மே மாதம் கொழும்பு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்ததற்கு முன், அதிலிருந்த நைட்ரிக் அமிலக் கன்டெய்னர் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. ஒரு கன்டெய்னரின் பொதியில் வரும் குறை, மற்ற எல்லாருடைய சரக்கையும் ஒரு கடற்கரையையும் சேர்த்து அழிக்க முடியும். கட்டணம் குறையும் என்று ஆபத்தான சரக்கைச் சாதாரணச் சரக்காக அறிவிப்பவர், அந்த நட்டம் முழுவதற்கும் தன் பெயரைக் கொடுத்துவைக்கிறார்.

இறக்குமதியாளரின் மூன்று அறிவிப்புகள்

சுங்கப் படிவத்தில் எத்தனையோ கட்டங்கள் இருந்தாலும் தீர்வையை முடிவு செய்பவை மூன்றுதான்: பொருள் எது, மதிப்பு எவ்வளவு, எங்கே உருவானது.

பொருள் எது என்பதை உலகச் சுங்க அமைப்பின் குறியீட்டு முறை சொல்கிறது. 1988 முதல் நடப்பில் உள்ள இதில் முதல் 6 இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குப் பிறகு வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குச் சேர்த்துக்கொள்கிறது. பின்னல் துணியில் செய்த பருத்தி டி-ஷர்ட் 6109.10. இதில் 61 பின்னலாடைகளின் அத்தியாயம், 6109 டி-ஷர்ட் வகை, கடைசி 10 பருத்தி என்பதற்கு. நெய்த துணியில் தைத்த ஆண்கள் சட்டையோ 62-ஆம் அத்தியாயத்தில் 6205-க்குப் போய்விடும். கண்ணுக்கு இரண்டும் சட்டைதான். துணி எப்படி உருவானது என்பது தீர்வை விகிதத்தை மாற்றிவிடுகிறது. ஏற்றுமதியாளர் இன்வாய்ஸில் போட்ட குறியீட்டை அப்படியே எடுத்துப் போடுவது ஆபத்து. தவறென்றால் அபராதம் தாக்கல் செய்தவருக்குத்தான். ஐயம் இருந்தால் முன்தீர்ப்புக் கேளுங்கள். 2017 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த உலக வணிக அமைப்பின் வணிக எளிதாக்க ஒப்பந்தப்படி, குறியீடு பற்றியும் உருவான நாடு பற்றியும் எழுத்தில் கேட்டால் சுங்கத் துறை எழுத்தில் முன்கூட்டியே பதில் தர வேண்டும். அதிகம் பேர் பயன்படுத்தாத, மிகப் பயனுள்ள வசதி இது.

மதிப்பு என்பது உண்மையில் கொடுத்த அல்லது கொடுக்க வேண்டிய விலை. இன்வாய்ஸ் தொகை அதில் தொடக்கம் மட்டுமே. விற்பவருடைய முகவர் கழிவு, பொதிச் செலவு, அந்தச் சரக்குக்காகக் கட்ட வேண்டிய உரிமத்தொகை இவையும் சேரும். சிக்கவைப்பது, வாங்குபவர் இலவசமாகக் கொடுத்த அச்சும் கருவியும். 50,000 டாலர் மதிப்புள்ள அச்சை நீங்களே செய்து தொழிற்சாலைக்குக் கொடுத்து, அதில் 1,00,000 உருப்படி செய்து வாங்கினால், ஒவ்வொரு உருப்படியின் மதிப்பிலும் அரை டாலர் கூட்டிக் காட்ட வேண்டும். இன்வாய்ஸில் அது வராது, எனவே படிவத்திலும் விட்டுப்போகும், தணிக்கையில் பிடிபடும். கப்பல் கட்டணமும் காப்பீடும் சேருமா என்பதை அந்தந்த நாடு முடிவு செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் சேர்க்கிறது, அமெரிக்கா சேர்ப்பதில்லை.

"இன்வாய்ஸைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்" என்று வாங்குபவர் கேட்பதும், வாடிக்கையாளர் போய்விடுவாரே என்று விற்பவர் இசைவதும் உண்டு. இது இருவருக்கும் குற்றம். அது போக, சரக்கு கடலில் அழிந்துபோனால் காப்பீடும் அந்தக் குறைத்த தொகைக்குத்தான். வாங்கியவர் மீதியைத் தராமல் ஏமாற்றினால், எந்த நீதிமன்றத்தில் எந்த ஆவணத்தைக் காட்டுவது?

உருவான நாடு என்பது கப்பல் புறப்பட்ட நாடு அல்ல. பல நாட்டுப் பொருள்கள் சேர்ந்து ஒரு பொருள் உருவாகும்போது, போதுமான மாற்றம் எங்கே நடந்தது என்று பார்ப்பார்கள். குறியீட்டுத் தலைப்பு மாறியதா, இவ்வளவு விழுக்காடு மதிப்புக் கூடியதா என்பது போன்ற அளவுகோல்கள் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வேறுபடும். ஒரு நாட்டில் செய்த பொருளை இன்னொரு நாட்டில் பெட்டி மாற்றி, சிட்டை ஒட்டி அனுப்பினால் உருவான நாடு மாறாது. சான்றிதழ் தருபவர் ஏற்றுமதியாளர்; சலுகைத் தீர்வை பெறுபவர் இறக்குமதியாளர். சில ஆண்டுகள் கழித்துச் சான்றிதழ் பொய்யென்று தெரிந்தால், விட்டுப்போன தீர்வையை வட்டியோடு கேட்பது இறக்குமதியாளரிடம்தான். பொருள் எப்போதோ விற்றுத் தீர்ந்திருக்கும். விலையில் அதை ஏற்ற வழியிருக்காது. அதனால் பொய்ச் சான்றிதழுக்கு இழப்பீடு தருவதாக ஏற்றுமதியாளரிடம் எழுதி வாங்குவது வழக்கம். பதிவேடுகளையும் வைத்திருக்க வேண்டும். பல நாடுகளில் 5 ஆண்டு.

இந்த மூன்று அறிவிப்புகளையும் சுங்க முகவர் தாக்கல் செய்வார். ஆனால் அவர் கைதான் எழுதுகிறது, வாக்கு உங்களுடையது. முகவர் தவறு செய்தார் என்பது முகவர் மேல் வழக்குப் போட உதவலாம். சுங்கத் துறையின் அபராத அறிவிப்புக்குப் பதிலாகாது.

சரக்கு சுங்கத்தை விட்டு வெளியே வந்த பிறகும் ஒரு கடமை தொடர்கிறது. பொருள் யாரையாவது காயப்படுத்தினால், கடல் கடந்து இருக்கும் தயாரிப்பாளரை நுகர்வோர் எங்கே போய்த் தேடுவார்? அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1985-ஆம் ஆண்டு உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறை, ஒன்றியத்துக்குள் கொண்டுவந்த இறக்குமதியாளரையே தயாரிப்பாளராகக் கருதியது. வேறு பல நாடுகளிலும் இதே போக்குதான். பாதுகாப்புச் சோதனை அறிக்கைகளைத் தயாரிப்பாளரிடம் சரக்கு கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். விபத்துக்குப் பிறகு கேட்டால் கிடைக்காது.

வங்கி பார்ப்பது தாளை மட்டும்

கடன் உறுதிக் கடிதம், அதாவது எல்.சி., கேட்ட ஆவணங்களைக் கொடுத்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதி. இது பன்னாட்டு வணிகச் சபையின் யுசிபி 600 விதிகளின்படி நடக்கிறது. அந்த விதிகள் நடப்புக்கு வந்தது 2007 ஜூலை 1. வங்கி ஆவணங்களைத்தான் கையாள்கிறது, சரக்கை அல்ல என்பது இதன் உயிர்நாடி. சரக்கு பொன்னாக இருந்து ஆவணத்தில் பிழை இருந்தால் பணம் வராது. சரக்கு மோசமாக இருந்து ஆவணம் சரியாக இருந்தால் பணம் போய்விடும். வெளிப்படையான மோசடி மட்டுமே விலக்கு.

சரக்கு ஏற்றிய நாளிலிருந்து 21 நாள்காட்டி நாளுக்குள், எல்.சி. காலாவதி ஆகும் முன், ஆவணங்களைக் கொடுக்க வேண்டும், எல்.சி. வேறு கெடு சொன்னால் அதுவே செல்லும். வங்கிக்குச் சோதிக்க 5 வங்கி நாள் உண்டு. இன்வாய்ஸில் சரக்கின் விவரம் எல்.சி.-இல் உள்ளதோடு பொருந்த வேண்டும். அங்கே "பருத்திப் பின்னல் டி-ஷர்ட்" என்றிருக்க இங்கே "ஆயத்த ஆடை" என்று எழுதுவது, நாள் தவறி ஏற்றுவது, காப்பீட்டின் தேதி ஏற்றிய தேதிக்குப் பிந்தியிருப்பது எல்லாம் வங்கி திருப்பும் வழக்கமான காரணங்கள். எல்.சி. வந்த அன்றே வரி வரியாகப் படித்து, முடியாத நிபந்தனையைத் திருத்தச் சொல்ல வேண்டியது ஏற்றுமதியாளர். சரக்கு கப்பலில் ஏறிய பிறகு திருத்தச் சொன்னால், வாங்குபவர் விலைக்குறைப்புக் கேட்பார்.

கப்பல் நிறுவனத்திடம்

பில் ஆஃப் லேடிங் ஒரே தாளில் மூன்று வேலை செய்கிறது: சரக்கைப் பெற்ற ரசீது, ஏற்றிச் செல்லும் ஒப்பந்தத்துக்குச் சான்று, சரக்கின் மேல் உரிமைப் பத்திரம். மூல ஆவணத்தைத் தொலைத்தால் பொதுவாக வங்கி உத்தரவாதம் இல்லாமல் சரக்கு கிடைக்காது.

சேதத்துக்குக் கப்பல் நிறுவனம் தருவது எவ்வளவு? கடல்வழிச் சரக்குக்கான ஹேக்-விஸ்பி என்ற பன்னாட்டு விதிகள் பொருந்தும் இடத்தில் ஒரு பொதிக்கு 666.67 எஸ்டிஆர் அல்லது மொத்த எடையில் கிலோவுக்கு 2 எஸ்டிஆர், இதில் எது அதிகமோ அது உச்ச வரம்பு. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ஒரு கன்டெய்னரில் 500 பெட்டி, 10,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பில் ஆஃப் லேடிங்கில் 500 பெட்டி என்று எழுதியிருந்தால் வரம்பு சுமார் 3,33,000 எஸ்டிஆர். "ஒரு கன்டெய்னர்" என்று மட்டும் இருந்தால் எடைக் கணக்கில் வெறும் 20,000. பெட்டி எண்ணிக்கையை எழுதச் சொல்வதற்குச் செலவேதும் இல்லை.

கண்ணுக்குத் தெரியும் சேதத்தை எடுக்கும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். தெரியாததை 3 நாளுக்குள் சொல்ல வேண்டும். தவறினால் சரக்கு நல்ல நிலையில் வந்ததாகவே கருதுவார்கள், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலையாகிவிடும். வழக்குப் போட 1 ஆண்டு. விமானச் சரக்கில் 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கை இன்னும் கண்டிப்பு: சேதத்துக்கு 14 நாளுக்குள் புகார் இல்லையென்றால் வழக்கே கிடையாது.

வாங்குபவர் சரக்கை எடுக்க வராமல் கைவிட்டால், துறைமுக வாடகையும் கன்டெய்னர் தாமதக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். அதைக் கட்டும்படி கப்பல் நிறுவனம் அனுப்புநரிடமும் கேட்க முடியும். பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கச் சிறு எழுத்தில் பெரும்பாலும் அது இருக்கும். மறு கொள்முதல்காரரைத் தேடுவதா, திருப்பி எடுப்பதா, விட்டுக்கொடுப்பதா என்று முதல் வாரத்திலேயே முடிவெடுக்காதவர், சரக்கு மதிப்பைத் தாண்டிக் கட்டணம் கட்ட நேரிடும்.

இன்னொன்று, சேதமே இல்லாத சரக்குக்கும் பணம் கேட்கும் பழைய கடல்சட்டம். கப்பலையும் சரக்கையும் காக்கச் செய்த செலவையும் தியாகத்தையும், கப்பலில் சரக்கு வைத்திருந்த எல்லோரும் மதிப்பு விகிதத்தில் பங்கிட வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய எவர் கிவன் கப்பலின் உரிமையாளர் இதைத்தான் அறிவித்தார். பங்குக்கு உத்தரவாதம் தந்த பிறகே சரக்கு கைக்கு வரும். காப்பீடு இருந்தால் "சி" பிரிவானாலும் காப்பீட்டாளர் அந்த உத்தரவாதத்தைத் தருவார். இல்லாதவர் ரொக்கமாக வைப்புத்தொகை கட்ட வேண்டும்.

தகராறு வந்தால் எங்கே

ஒரு நாட்டு நீதிமன்றத் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்றுவது பல இடங்களில் இழுபறி. நடுவர் தீர்ப்புக்கு அந்தச் சிக்கல் குறைவு. அதை ஏற்று நிறைவேற்றுவதற்கான 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. ஆனால் நடுவர் விதியை எழுதுவது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், எல்லோரும் களைத்துப்போன நேரத்தில். "தகராறுகள் நடுவர் மூலம் தீர்க்கப்படும்" என்று முடித்துவிடுகிறார்கள். எந்த அமைப்பின் விதிகள், எந்த நகரத்தைச் சட்ட இருப்பிடமாகக் கொண்டு, எத்தனை நடுவர், எந்த மொழி, ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் ஆகிய ஐந்தையும் எழுத வேண்டும். அமைப்பின் பெயரைத் தவறாக எழுதி, இல்லாத அமைப்பிடம் போகச் சொல்லும் விதிகளும் உண்டு. அப்போது சரக்கைப் பற்றிப் பேசும் முன், யார் முன்னால் பேசுவது என்பதற்கே முதல் வழக்கு நடக்கும்.